பாடி அரிசி ஆலையின் மேற்குச் சுவர்

உங்கள் மேசையின் ஒரு கால் குட்டை. நீங்கள் எழுத எழுத மைக்கூட்டில் மை ஆடுகிறது. இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, எழுதுங்கள்.

ஆட்டத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. பாடியில் பாய்லர் வெடித்துப் பாதி இடிந்துபோன அரிசி ஆலையை வேட்டு வைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். யுத்தத்துக்காக ஆவடியில் எழும்பும் கொட்டகைகளுக்குச் செங்கல் வேண்டுமாம். மிச்சம் நின்ற மேற்குச் சுவரின் விரிசல்கள்மேல் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டியிருந்தேன். விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும். சுவரடியில் ஒரு தட்டில் பாதரசம். சுவர் அதிர்ந்தால் அதுவும் நடுங்கும். ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் இரண்டையும் பார்த்து நான் பச்சைக் கொடி காட்டினால் கூலியாட்கள் கல் பொறுக்க உள்ளே போகலாம். சிவப்பு என்றால் போகக் கூடாது. மாடுகளுக்குக்கூட விளங்கும்.

முதல் நாள் பாதரசம் அடங்கவே இல்லை. சிவப்பைக் காட்டினேன். மத்தியானம் வரை எல்லோரும் வெயிலில் நின்றார்கள். சுவர் விழவில்லை. விழும் என்று நான் சொல்லவுமில்லை, விழக்கூடும் என்றேன். அந்த வித்தியாசம் அந்தக் கூட்டத்துக்கு எங்கே புரியப்போகிறது? மேஸ்திரி வேம்புலி தன் தகரக் குவளையை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினான்.

"சாமி, இதுகூட ஆடுது பாரு. கொடியத் தூக்கு, ஊரே வுழுந்துரப் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். கான்ட்ராக்டரும்தான். அதன்பின் தினமும் அதே குவளை, அதே சிரிப்பு. எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் நமக்குச் சமமானவர்கள்மேல் வருவது.

வெள்ளிக்கிழமை வேட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். கண்ணாடி ஒன்று விடாமல் உடைந்திருந்தது. பாதரசம் கொதிப்பதுபோல் துடித்தது. இவ்வளவு தெளிவாக ஒரு சுவர் பேசி நான் கண்டதில்லை. திரும்பி வந்து கொடியை எடுத்தேன்.

சித்தாள் எல்லம்மா ஒருத்திதான் என்னைப் பார்த்துச் சிரிக்காதவள். கொடி எதுவானாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். அன்றும் கூடையோடு வந்தாள்.

"சாமி, உள்ள போலாமா? கைப்புள்ளய ஊட்ல வுட்டுட்டு வந்துகீறேன். பாத்து சொல்லு."

அவளை மட்டும் நிறுத்தலாமா என்று யோசித்தேன். யோசிக்காமலிருக்க நான் மிருகமில்லை. ஆனால் அவள் நின்றால் பக்கத்தில் இருப்பவள் ஏன் என்பாள். பிறகு எல்லோரும் நிற்பார்கள். சுவர் ஆளில்லாத இடத்தில் விழும். தற்செயல் என்று சொல்லி வேம்புலி மறுபடியும் குவளையை ஆட்டுவான்.

"போகலாம்" என்றேன்.

சுவர் நான் நினைத்த பக்கமே சாய்ந்தது. உள்ளே போனவர்களில் ஒருவரும் வெளியே வரவில்லை. கான்ட்ராக்டர் அன்று சிரிக்கவில்லை.

விபத்து என்று எழுதி என்னை அனுப்பிவிடப்போவதாக உங்கள் ஏட்டு சொன்னார். உதவி செய்வதாக நினைப்பு. வேண்டாம். கண்ணாடி உடைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பச்சையைத் தூக்கினேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். விபத்து என்றால், எனக்குத் தெரியாமல் அந்தச் சுவர் விழுந்தது என்றாகிவிடும்.