செண்பகவல்லி வீட்டில் சிரித்தவள்

புள்ளிவிவரம் எல்லாம் கொஞ்சம் ஓரமா இருக்கட்டும்... ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன், கேளுங்க. பின்வரிசையில பஜ்ஜி சாப்பிடுறவங்களும் கேட்கலாம். பயப்படக் கூடாது, அவ்வளவுதான்.

கோவில்பட்டியில செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு. திருநங்கை. பெத்தவங்க வச்ச பேரு வேற, அது நமக்கு வேண்டாம். வீட்டை விட்டு வந்து, மதுரையில டாக்டரைப் பார்த்து, ஹார்மோன் மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சிருந்தா. உடம்பு மாறிட்டு இருந்த நேரம். அப்படின்னா என்னன்னு புரியுதா உங்களுக்கு? பழைய ஆளும் முழுசாப் போகல... புது ஆளும் முழுசா வரல. கண்ணாடியில வேற யாரோ நிக்கிற மாதிரி இருக்குன்னு, அதுமேல ஒரு துண்டைப் போட்டு மூடியே வச்சிருந்தா.

வாடகைக்கு வீடு கேட்டு ஏறாத படி இல்ல. கடைசியில அய்யாதுரை அண்ணாச்சின்னு ஒருத்தர் கொடுத்தார். ஏன் கொடுத்தார்? அந்த வீட்டுக்கு வேற யாருமே வரல! முன்னாடி குடியிருந்த அம்மா அங்கேயே செத்துப்போய், அதுல இருந்து பூட்டிக் கிடந்த வீடு அது.

கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிற வேலை, வீட்டுக்குள்ளேயே. பேச ஆள் கிடையாது. அம்மாவுக்குப் போன் போட்டா, குரலைக் கேட்டதும் வச்சிருவாங்க. அவளுக்கு இருந்த ஒரே சுகம் என்ன தெரியுமா? மத்தியானம் சாப்பிட்ட கையோட, பழைய புத்தகக் கடையில வாங்கின காமிக்ஸை விரிச்சு உக்காருறது. பேய் பிடிக்கக் கிளம்புற ஒரு ராணி கதை. பேய் வந்ததும் முதல் ஆளா கட்டிலுக்கு அடியில போய் ஒளியுறது அந்த ராணிதான்!

'மாத்திரை குரலை மாத்தாதும்மா, பேசிப் பேசித்தான் பழகணும்'னு டாக்டர் சொல்லியிருந்தார். அதனால ராணி பேசுறதை ராணி மாதிரி, மந்திரி பேசுறதை மந்திரி மாதிரி, வாய்விட்டுப் படிப்பா.

ஒருநாள் பக்கத்து வீட்டு சீனியம்மா வந்தாங்க. வாசல்லயே நின்னுட்டாங்க... உள்ள வரல.

"ஏத்தா... உன் வீட்டுல வேற யாரும் இருக்காங்களா?"

"இல்லையேக்கா. ஏன்?"

"மத்தியானத்துல... ஒரு பொம்பள சிரிக்கா."

"டிவியா இருக்கும்க்கா."

"உன்கிட்டதான் டிவியே இல்லையே!"

சீனியம்மா கண்ணு உள்ளே போகுது. "கண்ணாடியை ஏன் மூடி வச்சிருக்க? நீயும் எதையோ பாத்துட்ட... சொல்ல மாட்டேங்க."

மறுநாள் மத்தியானம் செண்பகவல்லி புத்தகத்தைத் தொடல. காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. தெருவுல ஆள் அரவம் இல்ல. வெயில் கொளுத்துது... ஆனா வீட்டுக்குள்ள சில்லுனு இருக்கு. பின்கட்டுக் கதவு தானா அசையுது. சிரிப்பு? கேக்கல. அடுத்த நாளும் கேக்கல. 'நான் இல்லாத மாதிரி இருந்தாத்தான் அது வெளிய வருமோ'ன்னு மூச்சைக்கூட மெதுவா விட்டா. வாய்விட்டுப் படிக்கப் பயம். படிச்சா... அது பதில் சொல்லிட்டா?

சீனியம்மா சொல்லி, வீட்டுக்கார அண்ணாச்சி வந்தார். "வெள்ளிக்கிழமை பேயோட்டுற கோடாங்கியைக் கூட்டிட்டு வாரேன். இங்க செத்துப்போன அந்தப் பொம்பளையை விரட்டிருவோம். போகலைன்னா, நீ வேற வீடு பாத்துக்கோ."

வேற வீடா? அவளுக்கு யாருங்க வீடு கொடுப்பா?

வியாழக்கிழமை மத்தியானம் அவளால முடியல. பேயோட பயத்தைவிட அந்த அமைதி பெரிய பயமா இருந்துச்சு. 'வந்தா வரட்டும்'னு புத்தகத்தை எடுத்தா. முதல்ல முணுமுணுப்பு. அப்புறம் ராணி குரல். அப்புறம் மந்திரி குரல்...

பக்கத்து வீட்டுல சீனியம்மா கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுருச்சு. அதே சிரிப்பு! கணீர்னு, ஒரு பொம்பளைச் சிரிப்பு. 'ஐயோ, அந்தப் பிள்ளை உள்ள இருக்கே!'ன்னு ஓடி வந்து கதவைத் தள்ளினாங்க.

சுவரைப் பார்த்து ஒருத்தி உக்காந்திருக்கா. முதுகு தெரியுது. அவிழ்ந்த முடி தெரியுது. தோள் குலுங்குது... சிரிக்கிறா.

"நீ... நீ யாரு?"

சிரிப்பு நின்னுச்சு. அந்தத் தலை மெதுவா... திரும்புச்சு.

"நான்தாங்க்கா. செண்பகம்."

சீனியம்மா கிட்ட வந்து அவ முகத்தைப் பாத்தாங்க. "நீயா சிரிச்ச?"

அவ திருப்பிக் கேட்டா பாருங்க... "நானாக்கா? நானா சிரிச்சேன்?"

பள்ளிக்கூடத்துல 'பொட்டச்சி மாதிரி சிரிக்கான்'னு பசங்க கேலி பண்ணினதுல இருந்து, சிரிப்பு வந்தா வாயைப் பொத்தி முழுங்கியே பழகின பிள்ளை அது. அவ சிரிப்பை அவளே கேட்டதில்ல. படிக்கிற ஜோர்ல தானா வந்திருக்கு... வந்தது அவளுக்கே தெரியல. புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு அழுதா, அப்படி ஒரு அழுகை.

சீனியம்மா பக்கத்துல உக்காந்தாங்க. "சரி, அழாத. அப்படி என்னத்தப் பாத்துச் சிரிச்ச? எனக்கும் படிச்சுக் காட்டு."

படிச்சா. ராணி கட்டிலுக்கு அடியில போற இடத்துல சீனியம்மா சேலையை வாயில வச்சுக்கிட்டு உருண்டாங்க. தெருவுல வந்த அய்யாதுரை அண்ணாச்சி அப்படியே நின்னுட்டார். "ஆத்தாடி, இப்ப ரெண்டு சிரிக்குதே!"

சீனியம்மா உள்ள இருந்தே சத்தம் போட்டாங்க. "கோடாங்கியை வர வேண்டாம்னு சொல்லுங்க அண்ணாச்சி! இவதான் சிரிச்சா. வீட்டுக்காரி அவ வீட்டுல சிரிச்சா, அதுக்கா உடுக்கை அடிப்பீங்க?"

அண்ணாச்சி வந்த வழியே திரும்பிட்டார். கோடாங்கியும் வரல. செண்பகவல்லி இன்னிக்கும் அந்த வீட்டுலதான் இருக்கா.

இங்க பெத்தவங்க நிறையப் பேர் உக்காந்திருக்கீங்க, உங்களைக் கேக்கிறேன். உங்க பிள்ளை கதவைச் சாத்திக்கிட்டுப் பொம்மைப் புத்தகம் படிக்குது, சினிமாப் பாட்டுக்குக் கண்ணாடி முன்னாடி ஆடுது. 'வெட்டி வேலை'ங்கிறோம். 'என்னமோ பிடிச்சிருக்கு'ங்கிறோம். மாத்திரை உடம்பை மாத்தும் அய்யா. ஆனா, அந்த உடம்புல குடியிருக்க ஆசை வரணுமே... அதை எந்த மருந்துக் கடையில வாங்குவீங்க? அந்த ஆசை, இந்த மாதிரி அற்பச் சந்தோஷத்துலதான் வருது.

நமக்குப் புரியாத ஒரு சிரிப்பு உள்ள இருந்து கேட்டா, விரட்ட ஆள் தேடாதீங்க. கதவைத் தட்டுங்க... 'என்னம்மா படிக்கிற'ன்னு கேளுங்க.