பன்னிரண்டாவது மிஷின்

இரவு மணி பதினொன்றே முக்கால். வேடசந்தூர் போகிற ரோடு. ஆளில்லை, லைட்டில்லை… ஒரு பழைய மொபெட் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் அப்துல் ஜப்பார். அதோ, சுவரோரம் உட்கார்ந்திருக்கிறானே நம்ம கிதர் முகம்மது, அவனுடைய அக்கா மாப்பிள்ளை. நான் ஏதாவது கூட்டிச் சொன்னால் அவனே நிறுத்தட்டும்.

கரண்ட் வருகிற வரைக்கும்தான் சொல்வேன். கடை ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கு, மெழுகுவத்தி அணைகிறது.

நடந்தது இரண்டாயிரத்து மூன்றில். ஜப்பார் மச்சான் அப்போது மில்லுகளுக்கு கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுத்தார். மிஷினும் கம்ப்யூட்டரும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. நடுவில் ஒரு புரோகிராம் வேண்டும், டிரைவர் என்பார்கள். மிஷினில் ஏதாவது ஆனால் அதுதான் ஒரு ஃபைலில் வரி எழுதும். அந்த வரி திரையில் தெரியும்.

வேடசந்தூர் பக்கம் ஒரு மில். பஞ்சைச் சீவுகிற மிஷின் பன்னிரண்டு, ஒரே வரிசையில். மச்சான் கெட்டிக்காரர், ஆனால் சோம்பேறி. கிதர், முறைக்காதே. எந்த மிஷின் மக்கர் பண்ணினாலும், எதனால் பண்ணினாலும் திரையில் ஒரே ஒரு வார்த்தைதான் வரும். ‘கோளாறு.’ எத்தனாவது மிஷின், எத்தனை மணி, என்ன ஆயிற்று… ஒன்றும் கிடையாது.

சூப்பர்வைசர் பெருமாள்சாமி பாவம். கண்ணாடி ரூமில் அந்த வார்த்தையைப் பார்த்தவுடன் எழுந்து போவார். முதல் மிஷினிலிருந்து ஒவ்வொன்றாக நின்று, மூடியைத் தொட்டு, பஞ்சு சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே போகவேண்டும். கடைசி மிஷினைப் பார்த்துக்கொண்டவர் பொம்மையன். புகையிலை போடுகிற மனுஷர். அவரே ஒருநாள் மச்சானிடம் கேட்டார்.

“பாய், நான் கடைசில கெடக்கேன். சூப்பர்வைசர் அண்ணன் வந்து சேர அம்புட்டு நேரமாகுது. நம்பர் மட்டும் வந்தாப் போதும் பாய்.”

“அடுத்த வாரம் வாரேன்ணே. மாத்திருவோம்.”

நாலு மாசமாக அதே அடுத்த வாரம்தான்.

ஒரு ராத்திரி இரண்டேகால் தாண்டித் திரையில் ‘கோளாறு’ என்று வந்தது. பெருமாள்சாமி வழக்கம்போல முதல் மிஷினிலிருந்து ஆரம்பித்தார். பன்னிரண்டாவதில் பொம்மையனின் வலது கை உள்ளே போயிருந்தது. கூட வேலை பார்ப்பவன் டீ குடிக்கப் போயிருந்தான். அந்த இரைச்சலில் கத்தினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. பெருமாள்சாமி போய்ச் சேர்ந்தபோது பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது… உயிர் இல்லை.

மறுநாள் மச்சானுக்குப் போன் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். ‘ம்’ என்றார். மிச்சச் சோற்றையும் சாப்பிட்டார். அழவில்லை. கிதரிடம் மட்டும், “ஒண்ணுமே தோணல மாப்ளே. மரத்துப்போச்சு,” என்றிருக்கிறார்.

பதினைந்து நாள் கழித்து மில்லில் கூப்பிட்டார்கள். இப்போதாவது மாற்றிக் கொடு என்று. அதற்குத்தான் முதலில் சொன்ன அந்த ராத்திரி மொபெட்.

போய் உட்கார்ந்தார். நேரம், மிஷின் நம்பர், என்ன ஆயிற்று. மூன்றும் வருகிற மாதிரி எழுதினார். ‘மூடி திறந்திருக்கிறது’, ‘பஞ்சு சிக்கியது’ என்று மொத்தமே நாலு வாசகம். ஒரு மணி நேர வேலை. நாலு மாசம் தள்ளிப்போட்டது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

புரோகிராமை ஓடவிட்டார். பெருமாள்சாமி பின்னால் நின்று பார்த்தார். திரை செத்த நேரம் சும்மா இருந்தது. அப்புறம் ஒரு வரி.

02.17. மிஷின் 12. மூடி திறந்திருக்கிறது.

பன்னிரண்டாவது மிஷின் ஓடவே இல்லை. பொம்மையன் செத்த ராத்திரியே பெல்ட்டைக் கழற்றி, ஒயரை வெட்டி, சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். பழைய சமாச்சாரம் எங்கேயோ தங்கியிருக்கிறது என்று மச்சான் கம்ப்யூட்டருக்கு வருகிற கேபிளையே பிடுங்கினார்.

02.17. மிஷின் 12. வலது கை.

அவர் எழுதிய நாலு வாசகத்தில் அது இல்லை. ரூமில் புகையிலை வாடை அடித்தது. கூடவே சூடேறிய பஞ்சு வாடை.

02.17. மிஷின் 12. அண்ணன் ஒன்றாவதில் நிற்கிறார்.

02.18. மிஷின் 12. அண்ணன் இரண்டாவதில் நிற்கிறார்.

கேபிள் மச்சான் கையில் தொங்குகிறது. வரி வந்துகொண்டே இருக்கிறது. நாலாவது மிஷினுக்கு மட்டும் அதே வரி இரண்டு தடவை வந்தது. பெருமாள்சாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“நாலுல நின்னு மூக்குக் கண்ணாடியத் தொடச்சேன் பாய். யாருகிட்டயும் சொல்லல.”

02.28. மிஷின் 12. அண்ணன் பதினொன்றாவதில் நிற்கிறார்.

அதோடு நின்றது. ஓடினார்களா என்று கேட்காதீர்கள், இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பயம்கூட வரவில்லையாம். விடிகிற நேரத்தில் இன்னும் ஒரு வரி வந்தது. அதில் நேரம் இல்லை. தேதி மட்டும் இருந்தது, ஏழு நாள் தள்ளிய தேதி.

மிஷின் 12. அடுத்த வாரம் வாரேன்.

அந்த ஏழாம் நாள் ராத்திரி மச்சான் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். இரண்டேகால் ஆயிற்று, இரண்டரை ஆயிற்று… ஒன்றும் வரவில்லை. காலையில் அக்கா டீ கொடுத்தாள். வாங்கினார். டம்ளர் சாய்ந்து கொதிக்கிற டீ வலது கையில் கொட்டுகிறது, அவர் பாட்டுக்கு அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கிறார். கை கொப்பளித்ததை அக்கா பார்த்து அலறியபிறகுதான் குனிந்து பார்த்தார்.

மதுரை வரைக்கும் போய்க் காட்டினார்கள். டாக்டர் ஒரே வரி எழுதிக் கொடுத்தார், கோளாறு எதுவும் இல்லை என்று. இன்றைக்கும் நோன்பு திறக்கும்போது மச்சான் பேரீச்சம்பழத்தை இடது கையால்தான் எடுக்கிறார். இடது கையால் சாப்பிடுவது ஆகாதென்று மாமனார், கிதருடைய அத்தா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கிதர், பையில் இருக்கிற நோட்டை எடு. வெளிச்சத்தில் காட்டு.

இது அக்கா எழுதுவது. மச்சான்தான் எழுதச் சொன்னாராம்… தேதி, நேரம், எந்தக் கை, எத்தனை நிமிஷம், ஒன்றையும் விடாதே என்று. சில ராத்திரி அவர் அசந்து தூங்கும்போது அந்த மரத்துப்போன கை தானாக எழுந்து நிற்கிறது. பாருங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் 02.17, வலது கை, பதினொரு நிமிஷம். கோடு போட்ட கடைசிக் கட்டத்தில் கை என்ன செய்தது என்று எழுதியிருக்கிறாள். எல்லாப் பக்கத்திலும் ஒன்றுதான்.

‘யாரையோ கூப்பிடுகிறது.’