மறந்துபோன எண்சுவடி

— ஈட்டியைக் கீழே வை, தேசப்பா. இது பள்ளிக்கூடம், நீ மீன் குத்தும் ஏரி அன்று.

— மீன குத்தினா இம்மாம் ரத்தம் வராது, வாத்தியாரே. எம்புள்ள முதுக பாரு! தோலு உரிஞ்சி தொங்குது. இன்னா பண்ணான் உன்ன?

— ஒன்றும் செய்யவில்லை, அதற்கே அடித்தேன். மணலில் அகரம் எழுதச் சொன்னால் வெறுங்கோடு கிழிக்கிறான்.

— அம்மை வந்து பொழச்சவன்யா! ஆத்தா புத்திய தின்னுட்டுப் போயிருக்கா.

— அவள் புகாத வீடு பழவேற்காட்டில் ஏது? ஒல்லாந்தர் கோட்டைக்குள்ளும் பிணம் விழுந்தது. ஓராண்டு பூட்டிக் கிடந்த பள்ளி இது. முப்பது பிள்ளைகளில் பன்னிருவர் மீண்டனர். மூன்றே மாதத்தில் மற்றவரெல்லாம் விட்ட எழுத்தைப் பிடித்தனர். இவன் ஒருவன்தான் ஊமை. இவன் யார்? என் சட்டாம்பிள்ளை! நான் இல்லாத வேளையில் பிரம்பேந்திப் பள்ளியை ஆண்டவன். நிகண்டு ஓதிய நாவுக்கு ஆனா ஆவன்னா வரவில்லை என்றால், என் நெஞ்சு பொறுக்குமா?

— சின்னவன் எல்லப்பன அம்மைக்கு வாரிக் குடுத்துட்டேன். இவன் ஒருத்தன்தான் மிச்சம். இவனையும் நீ கொல்றதுக்கு முன்னாடி உன் கொரவளைய...

— குத்து. திருமால் திருவடி எனக்கு உண்டு.

— நைனா! வாணாம், நைனா! எனக்குத் தெரியும்!

— தள்ளுடா, பூபதி!

— எண்சுவடி எல்லாம் தெரியும், நைனா. முந்திரி, அரைக்காணி, காணி, அரைமா, முக்காணி, ஒருமா, மாகாணி... தலைகீழாவும் சொல்றேன். அவர வுட்டுடு!

— எம்பெருமானே! ஓரெழுத்தும் பிசகவில்லை. பின் ஏனடா இத்தனை அடியும் வாங்கினாய்?

— தெரியும்னா மறுபடியும் பிரம்ப என் கையில குடுப்பீங்க, ஐயா.

— குடுத்தா இன்னாடா? பெருமதானே?

— காலையில மொதல்ல வர்றவனுக்கு அடி இல்ல, நைனா. ரெண்டாவது வந்தா ஒண்ணு, மூணாவது வந்தா ரெண்டு. அதான் பள்ளிக்கூடத்துக் கணக்கு. பூட்டறதுக்கு மொத நாளு தம்பி கடைசியா வந்தான். முப்பதாவது. 'ஒடம்பு சுடுது அண்ணா'ன்னான். பாசாங்குனு நெனச்சேன். இருபத்தொம்பதும் குடுத்தேன்.

— அன்று நான் கோயிலில்... 'தம்பி என்று பார்க்காதே' எனச் சொல்லிவிட்டல்லவா போனேன்...

— டேய், அவன் அம்மையிலதான்டா போனான்! முதுகெல்லாம் செவந்து வீங்கி, நாந்தானே வேப்பிலையால தடவிக் குடுத்தேன்!

— அம்மை போட்டது மூஞ்சில, நைனா. முதுகுல இருந்தது நான் போட்டது.