அணைக்காமல் பிடுங்கக் கூடாது

மாலை நாலரை மணிக்கு எங்கள் ஹாலில் வெயில் நேராக டிவி மேல் விழும். அதனால்தான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தேன். வேறு காரணம் இல்லை.

இரண்டு பேரைப் பற்றியும் கேட்கிறீர்கள், சார். முதலில் மச்சானைச் சொல்கிறேன். என் மனைவியின் அண்ணன்.

டிவிக்குப் பின்னால் இருந்த பெட்டியை நீங்கள் எடுத்து வந்துவிட்டீர்கள். சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர். நைட் பல்பு அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும். பக்கத்தில் ஹார்ட் டிஸ்க். படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைத்தேன். எந்த அறையிலிருந்தும் பார்க்கலாம். அவளுக்காகச் செய்ததுதான்.

அதற்கு ஒரே ஒரு பத்தியம். பச்சை விளக்கு சிமிட்டும்போது வயரைப் பிடுங்கக் கூடாது. உள்ளே இருக்கும் மெமரி கார்டு கெட்டுவிடும். முதலில் அணைக்க வேண்டும், பிறகு பிடுங்க வேண்டும். பெட்டி மேல் எழுதியே ஒட்டியிருந்தேன். அவள் இரண்டு முறை மறந்தாள். அதன் பிறகு மறக்கவில்லை.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நீங்கள் கேட்கும் அன்று மாலை, அவள் துணிமணியை எடுக்க இருவரும் வந்தார்கள். அவள் கீழே வேனிலேயே இருந்துகொண்டாள். மச்சான் மட்டும் மேலே வந்தார். நல்ல மனிதர். வாய் சும்மா இருக்காது.

“என்ன மாப்ள, தீப்பெட்டிக்குள்ள தியேட்டரா?” என்று ரிமோட்டை எடுத்தார்.

நான் தண்ணீர் கொண்டு வருவதற்குள், படங்களையும் பாட்டுகளையும் தாண்டி, அவள் பெயரில் இருந்த ஃபோல்டரைத் திறந்திருந்தார். சமையலறையில் நான் வைத்த கேமரா எடுத்தவை. தேதிவாரியாக அடுக்கியிருந்தேன். திரையில் அவள் தரையில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் ஒரு பல். படத்தின் ஓரத்தில் என் கால் தெரிந்தது.

“இது என்னடா?”

மாப்ள போய் டா வந்துவிட்டது.

“விழுந்துட்டா, மச்சான்.”

“எங்கிட்ட மாடிப்படியில விழுந்தேன்னு சொன்னா. அடுப்படியில ஏதுடா படி?”

டிவிக்குப் பின்னால் குனிந்தார். “இது இப்பவே ஸ்டேஷனுக்குப் போகுது.”

பச்சை சிமிட்டிக்கொண்டிருந்தது. “அணைச்சிட்டுப் புடுங்குங்க, மச்சான்” என்றேன். மறுபடியும் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன். பிடுங்கினார்.

முறை என்று ஒன்று இருக்கிறது. அவர் கையிலிருந்த வயரை வாங்கிக்கொண்டு, பின்னாலிருந்து அவரை அணைத்தேன். வயர் கழுத்தை இரண்டு சுற்று வந்தது. முழங்காலை முதுகில் ஊன்றிக்கொண்டேன். அவர் நகங்கள் என் மணிக்கட்டில் இறங்கின. உங்கள் டாக்டர் படம் எடுத்தது அதைத்தான். டிவி சரிந்தது. அவர் குதிகால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு விட்டுவிட்டுத் தட்டியது. பிறகு நின்றது.

வயர் தோலுக்குள் போயிருந்தது. உருவித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. நான் சொன்னபடியே கார்டு போய்விட்டது.

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். நான் கோபக்காரன் இல்லை. சொன்னதைக் கேட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நல்லவேளை, டிஸ்க் கெடவில்லை. அதில் அவள் பத்திரமாக இருக்கிறாள்.

வயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தபோது படியிலிருந்து அவள் குரல் வந்தது.

“அண்ணா, என்ன சத்தம்? நான் மேல வரட்டுமா?”