கிரேன் வண்டிக்கு வைத்த பெயர்

கரண்ட் போயிடுச்சு, ஃபேன் ஓடலை. திரைக்குப் பின்னால உங்களுக்குப் புழுக்கமா இருக்கும் ஃபாதர், அதனால சுத்தி வளைக்காம சொல்லிடறேன். பொறாமை, கோள், பூசைக்கு லேட்டா வந்தது, அதெல்லாம் எப்பவும் போல வச்சுக்கங்க. இந்தத் தடவை புதுசா ஒண்ணு இருக்கு. அது பாவம்தானான்னே எனக்குச் சந்தேகம்.

எங்க வீட்டுக்காரர் மேக்ஸ்வெல்லை உங்களுக்குத் தெரியும். பாடகர் குழுவில கடைசி வரிசையில நின்னு வாயை மட்டும் அசைப்பாரே, அவர்தான். தங்கமான மனுஷன். ஒரே ஒரு பைத்தியம், அந்தக் கார் ஓட்டுற வீடியோ கேம். குண்டுமாமா குடும்பம்னு டிவியில ஒரு கார்ட்டூன் வருமே, நாம ஸ்கூல் போன காலத்திலிருந்து ஓடுது, அந்தப் பையன் இன்னும் மூணாங்கிளாஸே தாண்டலை. அதை வச்சு வந்த கேம். குண்டுமாமா பக்கத்து வீட்டு வண்டியைக் கேட்காம எடுத்துகிட்டுப் போய்க் கண்ணில பட்டதையெல்லாம் இடிப்பார். ரொம்ப இடிச்சா ஒரு கிரேன் வண்டி துரத்தி வந்து, அவரைக் காரோட தூக்கிட்டுப் போயிடும்.

தினமும் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா இவரும் ஹரீஷ்குமாரும் இதுதான். ஹரீஷ் கம்பெனியில இவரோட ஒரே லைன்ல வேலை பார்க்கிறவர், சூளகிரிக்காரர். அங்கிருந்து ஓசூர் தாண்டி மத்திகிரியில எங்க வீட்டுக்கு வந்து, இவரைப் பைக்கில ஏத்திகிட்டுக் கம்பெனிக்குப் போவார். அவ்வளவு சிநேகம். டிவி முன்னால ரெண்டே நாற்காலி. அதுல ஒண்ணு ஹரீஷோடது. நான் சமையற்கட்டு வாசல்ல நின்னு பார்ப்பேன்.

இந்தத் தவக்காலத்துக்கு இவர் கேமை விட்டுடறேன்னு நேர்ந்துகிட்டார். கடைசி கட்டத்துக்கு வந்துட்டாராம். ஈஸ்டர் அன்னிக்கு ஹரீஷ் முன்னால ஆடி முடிக்கணும்னு ஆசை. ஜாய்ஸ்டிக்கை என்கிட்ட குடுத்து, நானே கேட்டாலும் தராதேன்னார். நானும் அரிசி டின்ல போட்டு மூடினேன். ஒரு வாரம் தாங்கினார். அப்புறம், ஹரீஷ் இந்து, அவனுக்கு ஏது தவக்காலம், அவன் ஆடட்டும், நான் சும்மா பார்க்கிறேன்னார். இப்படி ஒரு சந்து இருக்கிறது உங்களுக்கே தெரியாது இல்லையா ஃபாதர்? நான் எடுத்துக் குடுத்தேன்.

குருத்தோலை ஞாயிறன்னிக்கு டீ கொண்டு போனேன். கிரேன் துரத்துது. ஹரீஷ், "பந்த்ரு, பந்த்ரு"ன்னு கன்னடத்தில கத்தறார். வந்துட்டாங்க, வந்துட்டாங்கன்னு. மரியாதையாத்தான் சொன்னார். இவர் வயித்தைப் பிடிச்சுகிட்டுச் சிரிக்கிறார். என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் கப்புனு வாயை மூடிட்டாங்க. நான் டிவியைப் பார்த்தேன். அந்த கேம்ல ஒவ்வொரு வண்டிக்கும் நாம பேர் வைக்கலாம். காருக்கு மேக்ஸ்வெல். பின்னால வர்ற ஜீப்புக்கு ஹரீஷ். அந்த கிரேனுக்கு டெல்சி.

டெல்சி நான்தான் ஃபாதர்.

எனக்குக் கோபம் வரலை. டீயை வச்சுட்டு வந்தேன், முறுக்கும் எடுத்துக் குடுத்தேன். திங்கட்கிழமை இவங்க வேலைக்குப் போனதும் டிவியைத் துடைச்சேன். ஜாய்ஸ்டிக்கை எடுத்து, இதுல என்னதான் இருக்குன்னு பார்த்தேன். கை தவறிப் பட்டு அழிஞ்சுடுச்சுன்னு சொன்னா நீங்களும் நம்பிடுவீங்க. ஆனா இது பாவசங்கீர்த்தனம். எல்லாத்தையும் அழிக்கவான்னு அது இங்கிலீஷ்ல ரெண்டு தடவை கேட்டுச்சு. நான் பி.காம். படிச்சவ. ரெண்டு தடவையும் சரின்னு அமுத்தினேன். மூணு வருஷ ஆட்டம், ஒரு தும்மல் நேரம்கூட ஆகலை.

புனித வாரம்னு ஈஸ்டர் வரைக்கும் டிவியே போடலை, ஹரீஷும் காலையில வாசலோட சரி. ஈஸ்டர் பூசை முடிஞ்சு வந்து இவர் போட்டுப் பார்த்தார். ஒண்ணுமே இல்லை. வயரைப் பிடுங்கி மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்புறம் யார் தொட்டதுன்னு கேட்டார். "போன ஞாயிறு ஹரீஷ் போனப்புறம் நம்ம வீட்டுக்கு யாருமே வரலையேங்க"ன்னேன். யோசிச்சுப் பாருங்க ஃபாதர், அதுல ஒரு வார்த்தை பொய் இல்லை.

மதியம் ஹரீஷ் எப்பவும் போல பிரியாணிக்கு வந்தார். தோட்டத்து ரோஜா ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். இவர் வாசல் கேட்டுகிட்டயே அவரை நிறுத்திட்டார். நான் அழிக்கலைன்னு ஹரீஷ் அவங்க அம்மா மேல சத்தியம் பண்ணினார். கடைசியா என்னைப் பார்த்து, "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க"ன்னார். தயிர்ப்பச்சடிக்கு உப்பு போட்டேனா இல்லையான்னு எனக்கு ஒரு சந்தேகம். அதைப் பார்க்க உள்ளே போயிட்டேன். வந்து பார்த்தா அவர் இல்லை. ரோஜா கேட்டு மேலே இருந்துச்சு. வாடிடுமேன்னு தண்ணியில போட்டு வச்சேன்.

இப்போ இவர் கம்பெனி பஸ்ஸில தனியாப் போறார். லைன்லயும் ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையாம். சாப்பாடு பாதிதான் இறங்குது. பார்க்கப் பாவமாத்தான் இருக்கு. எனக்குக் கல் மனசு இல்லை. போய் உண்மையைச் சொல்லிடும்மான்னு நீங்க சொல்வீங்க. சொல்லலாம். ஆனா சொன்னா அந்த நாற்காலிக்கு ஹரீஷ் திரும்பி வந்துடுவார். கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கு அந்த நாற்காலி மேல ஆசை ஃபாதர்.

போன வாரம் இவராவே, வா டெல்சி, நீயாவது பக்கத்தில உட்காருன்னார். கூப்பிட்ட குரலுக்கே எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கோம். காருக்கு மேக்ஸ்வெல், ஜீப்புக்கு டெல்சி. கிரேனுக்கு என்ன பேர் வைக்கலாம்னு கேட்டார். ஹரீஷ்குமார்னு வைங்கன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு வச்சார்.

இப்போ கிரேன் வந்தா நான்தான் "பந்த்ரு, பந்த்ரு"ன்னு கத்தறேன். இவர்தான் இன்னும் சிரிக்க மாட்டேங்கிறார். சிரிப்பார் ஃபாதர். கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான்.