செருப்புப் போட்டுக் குளிக்கிற வீடு

காலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"எங்க வீட்ல செருப்பு போட்டுத்தான் குளிக்கோம்."

"ஏன் மதினி?" என்றாள் இளையவள்.

"ஹீட்டரு பழசு. பைப்பத் தொட்டா சுருக்குங்கும். புதுசு மாட்டக் கூலியோட ஒம்பதாயிரம் ஆகுமாம். ஒங்க அண்ணன், அம்புட்டுத் துட்டுக்கு வெயில்லயே தண்ணி காய வச்சிரலாங்காவ."

"சிரிக்காதிய மதினி. கரண்டு கசிஞ்சா மெயின் சுவிட்சு தானா விழணுமே?"

"விழுந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அவிய எர்த்து வயரக் கழட்டி விட்டாவ. பொறவு விழவே இல்ல. சரியாப் போச்சுன்னு இருக்கோம்."

இளையவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"எர்த்துல போன கரண்டு இப்ப எங்க மதினி போகும்? அந்தப் பைப்புலதான நிக்கும்."

மூத்தவர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏங்க, பாப்பா எங்க? குளிக்காளா? மொதல்ல மெயின அணைங்க. துட்டு கெடக்கட்டும், பொறவு பாப்போம். கதவத் தட்டி அவள வெளிய வரச் சொல்லுங்க."

போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தார். என் தம்பி கரண்ட் அடித்துத்தான் செத்தான். இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை.

"கதவத் தட்டுதாவ," என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோப்பு போட்டிருக்காளாம். செத்த நேரம் பொறுங்கங்கா."

"சோப்போடயே வரச் சொல்லுங்க மதினி," என்றாள் இளையவள்.