தேய்ந்த கம்பி

"ஓட்டையைச் சரியா பெருசாக்காம விட்டதுதாங்க என் தப்பு." விழிஞ்ஞம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுப் பெண் தன் கணவரிடம் சொன்னாள். அவளுக்கு விமானத் தகடு செய்யும் பட்டறையில் வேலை. அவர் ஹோட்டல் சமையல்காரர். பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன்.

"பெருசாக்கினா பலம் போயிராதா?"

"போகாது. தடிச்ச கம்பியை ஓட்டைக்குள்ள விட்டு இழுத்தா, சுத்தியிருக்க தகடு நெருங்கி இறுகும். பின்னே லேசுல விரிசல் விடாது. கம்பி தேஞ்சிருக்கான்னு காலையிலயே அளந்து பாக்கணும். நான் மத்தியானம்தான் பாத்தேன். தேஞ்சிருந்துச்சு. அதுவரைக்கும் போட்ட ஓட்டை எதுவும் சரியா இறுகியிருக்காது. உடனே சூப்பர்வைசர் சாரைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்."

"சொல்லலேன்னா கண்டுபிடிப்பாங்களா?"

"மாட்டாங்க. கடைசியில எல்லா ஓட்டையையும் ஒரே அளவுக்குக் கடைஞ்சிருவோம், வித்தியாசம் தெரியாது."

"பின்னே ஏன் சொன்னே?"

"உங்க சாம்பார்ல பல்லி விழுந்தா, எடுத்துப் போட்டுட்டு வெளம்புவீங்களா?"

அவர் அவளுடைய பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ரெண்டு ஸ்டாப் போனது.

"நாளைக்கு என்னைப் பட்டறை கேட்டுக்குள்ள விடுவாங்களான்னே தெரியல," என்றாள்.

"ரெண்டு பேருக்கும் சோறு கட்டுறேன். விடலேன்னா அங்கேயே நில்லு, நான் வந்திருவேன்."